தீபாவளிச் சீட்டுக்கு வாங்கும் பட்டாசை வீட்டில் வைக்கலாமா?

மாவட்டத் தலைநகர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன். அவர் எட்டு ஆண்டுகளாகத் தீபாவளிச் சீட்டு நடத்துகிறார். இந்த ஆண்டு 140 உறுப்பினர்கள் மாதம் 500 ரூபாய் கட்டுகிறார்கள். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, மளிகை, இனிப்பு, ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள ஒரு பட்டாசுப் பெட்டி ஆகியவற்றைத் தருவது வழக்கம். சிவகாசி வியாபாரி ஒருவருக்கு முன்பணம் அனுப்பியாகிவிட்டது. புரட்டாசிக் கடைசியில் சரக்கு லாரி செட்டுக்கு வரும். அங்கிருந்து கணவர் தம்முடைய ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். மாமியார் பெயரில் உள்ள அந்த மாடி வீட்டில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சிறிய அறையில் பெட்டிகளை அடுக்கி, இரண்டு வாரத்தில் கொடுத்து முடிப்பார்கள். மாடியில் இரண்டு குடித்தனங்கள் உள்ளன. சென்ற ஆண்டு மீந்த பதினோரு பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. சென்ற தீபாவளியின்போது யாரோ புகார் சொல்ல, காவலர் ஒருவர் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை: விற்பனை செய்யாமல் பரிசாகக் கொடுப்பதற்கும் உரிமம் வேண்டுமா? நூறு கிலோ வரை எதுவும் தேவையில்லை என்கிறார்களே, அது சரிதானா? மகளிர் குழுவின் பெயரில் செய்தால் விலக்கு உண்டா? ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதாதா? தீயணைப்புக் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அது கணக்கில் வராதா?

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்துக்குப் போகும் முன், பரணில் இருக்கும் பதினோரு பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் சில வாரங்கள் அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை. ஓர் ஆண்டு மழை ஈரத்தையும் கோடை வெயிலையும் பார்த்த பட்டாசு, புதுப் பட்டாசைவிட நம்ப முடியாதது. ஈரம் பட்டால் நமுத்துப்போய் வெடிக்காது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். மருந்தில் உள்ள அலுமினியத் தூள் ஈரத்தோடு சேரும்போது மெல்ல மெல்லச் சூடேறக்கூடும் என்பதால், பட்டாசு ஆலைகளிலேயே ஈரம் பட்ட மருந்தைக் கண்டு அஞ்சுவார்கள். ஆகவே அந்தப் பெட்டிகளை இழுக்கவோ, மேலிருந்து தூக்கிப் போடவோ, பிரித்து மருந்தைக் கொட்டவோ, கொல்லையில் குவித்துக் கொளுத்தவோ வேண்டாம். குழந்தைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 101-ஐ அழைத்தோ நேரில் சென்றோ உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தில் எத்தனை பெட்டிகள், எவ்வளவு காலமாக இருக்கின்றன என்பதைச் சொல்லி, எப்படி அப்புறப்படுத்துவது என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். தாமாக முன்வந்து சொல்வதால் மாட்டிக்கொள்வோம் என்று நீங்கள் அஞ்சுவது புரிகிறது. ஆபத்தை நீக்க உதவி கேட்டு வருபவரையும், ஒளித்து வைத்திருந்து பிடிபடுபவரையும் எந்த அதிகாரியும் ஒன்றாக நடத்துவதில்லை என்பதே என் தொழிலில் நான் பார்த்தது.

பரிசு என்றாலும் உரிமம் வேண்டும்

பட்டாசு, சட்டத்தின் பார்வையில் வெடிபொருள். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன் கீழ் வந்த 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் இதை ஆள்கின்றன. இந்தச் சட்டம் விற்பனையை மட்டும் கட்டுப்படுத்துவதாக நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். தயாரிப்பது, வைத்திருப்பது, பயன்படுத்துவது, விற்பது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வது ஆகிய எல்லாமே அதன் வரம்புக்குள் வருகின்றன. ஆகவே நீங்கள் கொடுப்பது பரிசா விற்பனையா என்ற விவாதத்தில் நீங்களே வென்றாலும், 140 பெட்டிகளை வீட்டில் வைத்திருந்ததற்கும் ஆட்டோவில் ஏற்றி வந்ததற்கும் அந்த வெற்றி பதிலாகாது. அந்த விவாதத்தில் வெல்வதும் எளிதன்று. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாகத் தரும் பொருள்களில் பட்டாசும் ஒன்று என்றால், அதன் விலை அந்தத் தொகைக்குள் அடங்கியிருக்கிறது என்றுதான் எந்த நீதிமன்றமும் பார்க்கும். சொந்தமாக வெடிப்பதற்குச் சிறிதளவு வாங்கிவைக்கும் குடும்பத்துக்குரிய சலுகை, பிறருக்குப் பங்கிட்டுக் கொடுக்கச் சேர்த்துவைப்பவருக்குப் பொருந்தாது.

நூறு கிலோ என்ற எண்ணும் தவறாக உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. பட்டாசு விதிகளில் அந்த எண் வருவது, உரிமம் பெற்ற சில்லறைக் கடையில் எவ்வளவு சரக்கு இருக்கலாம் என்ற இடத்தில். பிறருக்குக் கொடுப்பதற்காகச் சேர்த்துவைப்பவருக்கு உரிமமே வேண்டாம் என்பதற்கான எல்லையாக அது வரவில்லை. வீட்டில் நூறு கிலோ வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு, சமையல் எரிவாயுவுக்கான விதியைப் பட்டாசோடு போட்டுக் குழப்பிக்கொண்டதாக இருக்கக்கூடும். எரிவாயு உருளை விதிகளில் அப்படி ஒரு நூறு கிலோ வரம்பு இருக்கிறது. அதோடு உங்கள் சரக்கைக் கூட்டிப் பாருங்கள். பெட்டி மூன்று கிலோ என்றால் 140 பெட்டிகள் 420 கிலோ. சின்னச் சின்னப் பெட்டிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கட்டுக்கு அடியில் சேர்ந்து அடுக்கிய பிறகு அது 420 கிலோ வெடிபொருள்.

மகளிர் குழுவுக்கென்று விலக்கு எதுவும் கிடையாது. காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொல்லிவைப்பதற்கும் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. உரிமம் தர வேண்டியவர் மாவட்ட நிர்வாகத்தின் தகுதியுள்ள அதிகாரி. ஆணையரகம் உள்ள மாநகரங்களில் காவல் ஆணையர். அவர் எழுத்தில் தராததை நிலையத்தில் இருப்பவர் வாயால் தர முடியாது. நாளை அசம்பாவிதம் ஒன்று நடந்தால், அப்படிச் சொன்னதாக ஒப்புக்கொள்ளவும் யாரும் முன்வர மாட்டார்கள்.

அந்த அறை ஏன் கூடவே கூடாது

நிரந்தரப் பட்டாசுக் கடைக்கு 2008 விதிகள் என்ன கேட்கின்றன என்பதை உங்கள் அறையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கல், செங்கல் அல்லது கான்கிரீட் கட்டடமாக இருக்க வேண்டும். பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 25 சதுர மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். தரைத்தளத்தில், கட்டடத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து உறுதியான சுவரால் முற்றிலும் பிரிக்கப்பட்டு, வெளியிலிருந்து தனி வாசலும் அவசர வழியும் கொண்டு, கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கும்படி இருக்க வேண்டும். மேலே மக்கள் குடியிருக்கக் கூடாது. மாடிப்படிக்கோ மின்தூக்கிக்கோ அருகில் இருக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டிக்கும் முதன்மைச் சுவிட்ச், வெளியே சட்டென்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மாடிப்படியை ஏன் தனியே எடுத்துச் சொன்னார்கள் என்பதற்கு உங்கள் வீடே விளக்கம். மாடியில் உள்ள இரண்டு குடும்பங்களும் இறங்குவதற்கு இருப்பது அந்த ஒரே படிக்கட்டு. அதன் அடியில் தீப்பிடித்தால் அவர்கள் இறங்கி வர வழி இல்லை. ஏறிப்போய் அழைத்து வரவும் முடியாது. இன்வெர்ட்டர் பேட்டரியும் அதே அறையில்தான் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சார்ஜ் ஏறும்போது அத்தகைய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதன் இணைப்பு முனைகளில் தீப்பொறியும் தெறிக்கக்கூடும். அந்த வரியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பதற்றமாக இருந்தது.

நீங்கள் வாங்கி வைத்திருக்கும் உலர் தூள் தீயணைப்புக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணியோ எண்ணெயோ எரியும்போது அந்தத் தூள் தீயை அமுக்கும். பட்டாசு மருந்தில் எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தரும் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற உப்பு ஏற்கெனவே கலந்திருக்கிறது. வெளிக்காற்றை மறைத்தாலும் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆரம்பத்திலேயே ஏராளமாகத் தண்ணீர் விட்டுக் குளிர்விப்பதுதான் ஓரளவு பலன் தரும். அதனால்தான் உரிமம் பெற்ற கடைகளில் தண்ணீர் நிரம்பிய டிரம்களையும் மணல் வாளிகளையும் வைக்கச் சொல்கிறார்கள். அடுக்கி வைத்த சரக்கில் தீ பற்றிவிட்டால், கையில் கருவியோடு அதன் முன் நிற்பவர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார். உங்கள் கணவர் அப்படி நிற்கக் கூடியவர் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எட்டு ஆண்டுகளில் ஒன்றும் நடக்கவில்லை என்பதில் நீங்கள் ஆறுதல் தேடுகிறீர்கள். 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் ஒரு பட்டாசுக் கிடங்கில் சரக்கைக் கையாளும்போது பற்றிய தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர், பக்கத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். 2023 அக்டோபர் 7 அன்று, தமிழக எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து கடைக்குச் சரக்கு இறக்கும்போது பற்றிய தீ 14-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தீபாவளி நேரத்து வேலைக்காகச் சென்ற தமிழகத்து இளைஞர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள். இரண்டு இடங்களிலும் தீ பிடித்தது சரக்கை ஏற்றி இறக்கும்போதுதான். ஆட்டோவில் நான்கைந்து நடையாக நீங்கள் செய்ய நினைப்பதும் அதே வேலை.

பிடிபட்டால் என்ன ஆகும்

உரிமம் இன்றி வெடிபொருளை வைத்திருப்பது, விற்பது, கொண்டுசெல்வது ஆகியவற்றுக்கு வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அபராதத் தொகை சிறியதாகத் தெரிகிறது என்று இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரக்கு பறிமுதல் ஆகும். வழக்கு முடியும் வரை நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். யாருக்கேனும் தீங்கு நேர்ந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளும் சேரும்: வெடிபொருளை அஜாக்கிரதையாகக் கையாண்டதற்கு 288, அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கும் 106. வீடு மாமியார் பெயரில் இருப்பதால் அவரும் விசாரணைக்குள் இழுக்கப்படலாம். வீட்டுக்குத் தீக் காப்பீடு இருந்தாலும், வெடிபொருள் வைத்திருந்ததை மறைத்த வீட்டுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

சோதனைக்கு வருபவர்களிடம் உங்களுக்கும் உரிமைகள் உண்டு. வருபவர் யார், எந்த அதிகாரத்தின் பேரில் வருகிறார் என்று கேட்கலாம்; எடுத்துச் செல்லும் பொருளுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பத்தோடு தரச் சொல்லலாம். ஆனால் தடுத்து நிறுத்தவோ, பணம் கொடுத்து அனுப்பவோ முயல வேண்டாம். புகார் கொடுத்தவர் யாரென்று தேடுவதையும் விட்டுவிடுங்கள். மாடியில் குழந்தையோடு குடியிருப்பவர் அதைக் கொடுத்திருந்தால், அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

உங்கள் முன் உள்ள வழிகள்

நான் பரிந்துரைப்பது, பட்டாசு உங்கள் கையைத் தொடாமலேயே உறுப்பினருக்குப் போய்ச் சேரும் வழியை. உங்கள் ஊரில் உரிமம் பெற்ற பட்டாசுக் கடைக்காரர் ஒருவரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: 140 பெட்டிகள், ஒரு பெட்டிக்கு இன்ன விலை, இன்னின்ன பொருள்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வழங்குவார் என்பவை அதில் இருக்கட்டும். உறுப்பினர்களுக்கு வரிசை எண்ணிட்ட டோக்கன் கொடுங்கள். அவர்கள் கடைக்கே சென்று வாங்கிக்கொள்வார்கள். சேமிப்பும் விற்பனையும் அவருடைய உரிமத்தின் கீழ், அவருடைய கடையில் நடக்கும். ஒப்பந்தம் செய்யும் முன் அவருடைய உரிமத்தைக் கேட்டுப் பார்த்து, அது நடப்பில் இருக்கிறதா, விலாசம் அந்தக் கடையினுடையதுதானா, எவ்வளவு எடைக்கு அனுமதி என்பவற்றைச் சரிபாருங்கள். உங்கள் 420 கிலோவையும் ஒரே நாளில் அவர் கடைக்குள் அடுக்க வைத்தால், அவரை அளவு மீற வைத்தவர் நீங்களாக ஆவீர்கள். டோக்கன்களை நான்கைந்து நாள்களுக்குப் பிரித்துவிட்டால் அந்தச் சிக்கல் வராது. ஒரு பெட்டிக்குச் சிவகாசி விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். அந்தக் கூடுதலை இந்த ஆண்டுச் செலவாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

நீங்களே தற்காலிகக் கடை போடுவது இன்னொரு வழி. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் கடைசித் தேதி குறித்து அறிவிப்பு வெளியிடும். இ-சேவை மையம் வழியாக ஏஇ-5 படிவத்தில் விண்ணப்பித்து, இட வரைபடம், இடத்தின் உரிமை அல்லது வாடகை ஆவணம், அடையாளச் சான்று, கட்டணம் கட்டிய ரசீது ஆகியவற்றை இணைக்க வேண்டும். தீயணைப்பு, வருவாய், காவல் துறைகள் இடத்தைப் பார்வையிட்ட பிறகே உரிமம் வரும். கொட்டகை, தீப்பிடிக்காத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். ஓலையும் துணிப் பந்தலும் ஆகாது. ஒரு கொட்டகைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 3 மீட்டர், குடியிருப்பு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு 50 மீட்டர் இடைவெளி வேண்டும். கொட்டகைகள் எதிரெதிராக இருக்கக் கூடாது. ஒரு தொகுப்பில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. எண்ணெய் விளக்கு, எரிவாயு விளக்கு எதுவும் அங்கே கூடாது; மின்விளக்கையும் வயரில் தொங்க விடாமல் சுவரிலோ கூரையிலோ பொருத்த வேண்டும். இந்த இடைவெளிகளைப் படிக்கும்போதே உங்கள் தெருவில் இது நடக்காது என்பது தெரிந்திருக்கும். மைதானத்தில் இடம் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். உரிமம் மறுக்கப்பட்டால், காரணத்தைச் சுருக்கமாக எழுத்தில் தரும்படி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு, மேல்முறையீடும் செய்யலாம்.

பட்டாசையே விட்டுவிட்டு, அதன் மதிப்புக்கு மளிகையோ பணமோ தருவதும் ஒரு வழிதான். உறுப்பினர்களிடம் கேட்டுப் பாருங்கள். கைக்குழந்தையும் முதியவர்களும் உள்ள வீடுகள் பல இதற்குச் சம்மதிக்கும்.

எந்த வழியில் வாங்கினாலும், பெட்டியில் நீங்கள் குறித்திருக்கும் ஆயிரம் வாலாவை எடுத்துவிடுங்கள். ஒன்றோடொன்று கோர்த்த சரவெடிகளுக்கும் பேரியம் உப்புச் சேர்த்த பட்டாசுகளுக்கும் உச்ச நீதிமன்றம் 2018-இல் விதித்த தடையை 2021-இலும் உறுதிசெய்தது. பசுமைப் பட்டாசு என்ற முத்திரை உள்ளதையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

உறுப்பினர்களும் முன்பணமும்

பட்டாசை வீட்டில் வைத்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த உறுப்பினரும் உங்களை வற்புறுத்த முடியாது; சட்டவிரோதமான செயலைச் செய்வதாகத் தந்த வாக்கு, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் அவர்கள் கட்டிய பணத்தின் மதிப்புக்கு நீங்கள் பொறுப்பு. ஆகவே மாற்றத்தை இப்போதே எழுத்தில் அறிவித்து, ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கிவையுங்கள். இங்கே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: சீட்டு நடத்துவதற்கே 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டமும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் கேள்விகள் எழுப்பக்கூடும். அடுத்த ஆண்டுச் சீட்டைத் தொடங்கும் முன், கணக்குப் புத்தகத்தோடு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள்.

சிவகாசி வியாபாரிக்கு இந்த வாரமே எழுதுங்கள். உரிமம் இல்லாத ஒரு வீட்டு முகவரிக்கு 420 கிலோவை அனுப்புவது அவருடைய உரிமத்துக்கும் ஆபத்து என்பதால், பேசினால் இறங்கிவருவார். நீங்கள் ஒப்பந்தம் செய்யும் உள்ளூர்க் கடைக்காரரின் பெயருக்கும் உரிம எண்ணுக்கும் ரசீது போட்டு, அவருடைய கடைக்கே சரக்கை அனுப்பும்படி கேளுங்கள். உள்ளூர்க் கடைக்காரர் அதற்கு இசைந்தால் உங்கள் முன்பணம் வீணாகாது. இசையாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பணம் அனுப்பிய வங்கி விவரத்தையும் அவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். பணம் திரும்ப வராவிட்டால் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்ப அவை போதும். இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் வரை லாரி செட்டில் உங்கள் பெயருக்கு எந்தப் பார்சலும் பதிவாக வேண்டாம் என்பதையும் அதிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.